கண்ணுக்குத் தெரியாத சொடுக்கு

குயவர் பானை வனையும்போது அருகில் நின்று கற்பவர் அவருடைய விரல்களைக் காண்கிறார். எங்கே அழுத்தினார், எங்கே தளர்த்தினார் என்பதைக் கண்ணே சொல்லிக் கொடுத்துவிடும். கணினித் திரையின் வழியே கற்பிக்கும்போது அவ்வாய்ப்பு இல்லை. அம்புக்குறி நகர்வது தெரிகிறது. சுட்டியை விரல் அழுத்தியது தெரிவதில்லை. அழுத்தியது இடப் பொத்தானா வலப் பொத்தானா, ஒருமுறையா இருமுறையா என்பதைப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகம் பிழைத்தால் அடுத்தடுத்த படிநிலைகள் புரியாமல் போகும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கைப்பேசியின் சிறுதிரையில் காண்பவருக்கும் இவ்விடர் மிகுதி.

முதல் அரங்கேற்றம்

1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பர்ட் கணினிச் சுட்டியைப் பேரவையோர் முன் இயக்கிக் காட்டினார். கணினித் திரையைப் பெரிய வெண்திரையில் காட்டியதோடு அவர் நிறைவடையவில்லை. தம் முகத்தையும் கைகளின் இயக்கத்தையும் ஒளிப்படக் கருவிகளின் வழியே அதே திரையில் தோன்றச் செய்தார். கையைக் காட்டினால்தான் செயல் விளங்கும் என்னும் அத்தேவையை இன்று மென்பொருள்கள் நிறைவு செய்கின்றன.

ஒளிக்குறிகள்

விண்டோஸ் இயங்குதளத்தின் சுட்டி அமைப்புகளில், கன்ட்ரோல் விசையை அழுத்தியதும் அம்புக்குறி இருக்குமிடத்தை வட்டங்களால் காட்டும் வசதி உண்டு. இஃது இருப்பிடத்தை மட்டுமே உணர்த்தும், சொடுக்கை உணர்த்தாது. சொடுக்கைக் காட்ட, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விலையின்றி வழங்கும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள மவுஸ் ஹைலைட்டர் உதவும். தொகுப்பை நிறுவி இக்கருவியைச் செயற்படுத்தியபின், விண்டோஸ், ஷிஃப்ட், எச் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அது இயங்கத் தொடங்கும். இடச் சொடுக்குக்கு மஞ்சள் வட்டமும் வலச் சொடுக்குக்கு நீல வட்டமும் தோன்றும். பொத்தானை விடாமல் இழுத்துச் சென்றால் வட்டமும் உடன் செல்லும். வட்டத்தின் நிறம், அளவு, ஒளிபுகும் தன்மை, மறையும் நேரம் ஆகியவற்றை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம்.

ஒலிக்குறிகள்

பவர்பாயிண்ட் மென்பொருளில் ஒரு படத்தையோ சொல்லையோ சொடுக்கும்போது ஒலி எழுமாறு ஆக்‌ஷன் என்னும் அமைப்பின் வழி ஏற்பாடு செய்யலாம். எல்லாச் சொடுக்குகளுக்கும் ஒலி வேண்டுமெனில் அதற்கெனத் தனி மென்பொருள் தேவைப்படும். இணையவழி வகுப்பில் திரையைப் பகிரும்போது, கணினியின் ஒலியையும் பகிரும் தெரிவை இயக்க வேண்டும். இல்லையெனில் நடத்துபவருக்குக் கேட்கும் ஒலி மற்றவர்களைச் சென்றடையாமல் போகக்கூடும்.

அளவறிந்து அமைத்தல்

வட்டம் பெரிதானால் அதன் அடியிலுள்ள எழுத்து மறைந்துவிடும். மிகச் சிறிதானால் எவர் கண்ணிலும் படாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் அவையில் இருக்கலாம். ஆதலின் அவ்விரு நிறங்களை இணையாகக் கொள்ளுதல் தகாது. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும் என இணைய அணுகல் நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. செவித்திறன் குறைந்தவருக்கு ஒளியும் பார்வைத்திறன் குறைந்தவருக்கு ஒலியும் துணையாவதால், இரண்டையும் மெலிதாகச் சேர்த்து அமைப்பது நன்று. எனினும், பேச்சை விஞ்சும் ஒலி கவனத்தைச் சிதைக்கும்.

குறிகள் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் அவை சொல்லுக்கு ஈடாகா. “இங்கே வலப் பொத்தானை ஒருமுறை அழுத்துகிறேன்” எனச் சொல்லி, சற்று நிறுத்திச் சொடுக்குபவரே கேட்போரைத் தம்மோடு அழைத்துச் செல்கிறார். நிகழ்வு தொடங்குமுன் கடைசி இருக்கையில் அமர்ந்து, வேறொருவரைச் சொடுக்கச் சொல்லித் திரையைப் பார்த்தல் வேண்டும். அங்கிருந்து பார்ப்பவருக்கும் சொடுக்கு தெளிவாகத் தெரிந்தால் அமைப்பு சரியானது எனக் கொள்ளலாம்.