புல்லில் நிற்கும் குதிரைக்கு வாளியில் என்ன வைப்பது?

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணைக்குப் போகும் சாலையோரம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் குதிரைக்காரர்களிடம் தீனியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் வரும்: "கொள்ளு வேகவெச்சு வெச்சாலும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது சார். தவிடு கலந்தா வாளியவே தட்டிவிட்ருது." அந்தக் குதிரையின் விலாவைத் தடவிப் பார்த்தால் எலும்பு இருக்கும் இடமே கைக்குத் தெரியாது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்புக்குள் புல் வெட்டிப் போட்டு வளர்க்கும் குதிரைகளிலும் மழைக்காலத்தில் இதே கதைதான்.

கொள்ளும் தவிடும் பழனி ஜட்காக் குதிரைக்கு எழுதிய சீட்டு. மேய இடமில்லாத ஊரில் நாள் முழுக்க வண்டி இழுக்கும் குதிரைக்கு அது பொருந்தும். வாசலைத் தாண்டினாலே முழங்கால் உயரப் புல் இருக்கும் மலையில், அரை மணி சவாரிக்கு நடக்கும் குதிரைக்கு அதே சீட்டைக் கொடுத்தால் வயிறு நிறைந்த குதிரை வாளியை ஒதுக்கத்தான் செய்யும். அதைச் சாப்பிட வைக்க வெல்லம் கரைத்து ஊற்றுவது அடுத்த தப்பு. மறையூர் வெல்லம் பக்கத்திலேயே கிடைப்பதால் அந்த ஆசை சீக்கிரம் வந்துவிடுகிறது.

முதல் வேலை, குதிரை உண்மையிலேயே ருசி பார்க்கிறதா, வாய் வலிக்கிறதா என்று பார்ப்பது. மேலிரண்டு, கீழிரண்டு கடைவாய்ப் பல் வரிசையில் கூர்விளிம்பு வளர்ந்தால் கன்னமும் நாக்கும் கிழியும். மென்ற புல் பாதி உருண்டையாக வாயிலிருந்து விழுந்தால், தலையை ஒருபக்கம் சாய்த்து மென்றால், சாணத்தில் முழுத் தானியம் தெரிந்தால், தீனியை மாற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்துப் பல்லை ராவச் சொல்லுங்கள். புல்லை ஆசையாக மேய்ந்துவிட்டு வாளியை மட்டும் வெறுக்கும் குதிரைக்குப் பெரும்பாலும் பசிதான் இல்லை.

அடுத்து எடை. மலையில் எடைமேடைக்கு எங்கே போவது? தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளவாக்கில் இன்னோர் அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். மார்பளவை அதே மார்பளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். மார்பு 145, நீளம் 135 உள்ள மட்டக்குதிரை ஏறத்தாழ 239 கிலோ. நாடா பத்து இருபது கிலோ முன்பின் காட்டலாம். ஆனால் ஒரே ஆள் ஒரே இடத்தில் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

எடையோடு உடல்வாகையும் பாருங்கள். அமெரிக்காவில் 1983-இல் ஹெனெக்கே என்பவர் 1 முதல் 9 வரை வகுத்த மதிப்பெண் முறையைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். 5 நல்ல நிலை: விலா கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். 7-க்கு மேல் போனால், கழுத்தின் மேல்விளிம்பு தடித்து விறைத்து நின்றால், ஆபத்து நெருங்கிவிட்டது. சந்தையில் கொழுத்த குதிரைதான் கண்ணுக்கு அழகு. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் பளபளவென்று நிற்கும் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சரியான எடையில் இருக்கும் குதிரை இளைத்ததாகத் தோன்றும். அந்தக் கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்.

இனி கணக்கு. ஓய்வாக இருக்கும் 239 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 8,000 கிலோகலோரி போதும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அப்படியும் 24 கிலோ பச்சைப் புல் தின்றால் அந்தத் தேவை முடிந்து மிச்சமும் இருக்கும். நாள் முழுக்க அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரை இதைவிட நிறையவே மேயும். ஒரு கிலோ கொள்ளில் மட்டும் 3,000 கிலோகலோரிக்கு மேல். அதை எதற்காக மேலே வைக்கிறோம்?

தெம்புக்காக வைக்கத் தேவையில்லை. உப்புக்கும் தாதுக்களுக்கும்தான் வாளி. இங்கே புல்லை நன்றாகப் பார்க்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல், மூணாறு மலைகளில் மெத்தை போலப் பரவிக் கிடக்கும் கிக்குயூ ஆப்பிரிக்கப் புல். அதில் ஆக்சலேட் அதிகம். தோப்பில் வெட்டிப்போடும் நேப்பியரிலும், காங்கேயத்துக் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லிலும் உண்டு. புல்லில் இருக்கும் கால்சியத்தை ஆக்சலேட் பிடித்துக்கொண்டு உடம்புக்குக் கொடுக்காது. மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். நடை தடுமாறும், பல் ஆடும், முகவெலும்பு இருபக்கமும் புடைக்கும். இதற்கு மேல் தவிடு வைப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் கொஞ்சம்தான். கால்சியக் குறைவின் விளைவை அது இன்னும் மோசமாக்கும்.

ஆகவே வாளிக்கு என் தேர்வு, வெட்டி உலர்த்திய குதிரை மசால். கோவை வட்டாரத்தில் விளைகிறது. பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கும் உடுமலை வழியாக மறையூர், மூணாறுக்கும் ஏற்றிவர முடியும். கால்சியம் நிறைந்தது. 250 கிராமில் 500 கிலோகலோரிதான். இரண்டு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்து, 25 கிராம் உப்பு, குதிரைக்கென்று தயாரித்த தாதுக்கலவை, மருத்துவர் சொல்லும் அளவு சுண்ணாம்புக்கல் தூள், அவ்வளவுதான். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துபோகும். மசால் கிடைக்காத வாரத்தில் வெட்டிய உலர்புல்லை நனைத்து வையுங்கள்.

வாளிக்குள் வரக்கூடாதவை சில உண்டு. மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் எதையும் குதிரைக்குக் காட்டக்கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கும். கொஞ்சம் போதும், உயிர் போய்விடும். சவுண்டல் இலை தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். பொள்ளாச்சிப் பக்கம் மாட்டுக்கு வளர்க்கும் தீவனச்சோளத்தைத் தொடர்ந்து கொடுத்தால் குதிரையின் மூத்திரப்பையும் பின்னங்கால் நடையும் கெடும். ஆடு தின்கிறதே, மாடு தின்கிறதே என்ற வாதம் குதிரையிடம் செல்லாது.

ருசி பார்க்கும் குதிரையைப் பழக்க அவசரம் கூடாது. முதல் இரண்டு நாள் வெறும் மசால். பிறகு உப்பு. தாதுக்கலவையின் வாசம்தான் குதிரைக்குப் பிடிக்காது. அதை ஒரு சிட்டிகையில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கைநிறையப் புதினாவைக் கிள்ளிப் போட்டால் பல குதிரைகள் மசியும். வட்டவடைக் கேரட்டில் நீளவாக்கில் அரிந்த இரண்டு துண்டு போதும். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். வாளியை மேய்ச்சலுக்குப் பின் வைக்காமல், இரவு கட்டிவைத்து விடியலில் அவிழ்ப்பதற்கு முன் வையுங்கள். பாதிப் பிடிவாதம் அங்கேயே போய்விடும்.

கொழுத்திருந்தால் மேய்ச்சலையும் குறைக்க வேண்டும். பட்டினி போடவே கூடாது. கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் கொழுப்பு இரத்தத்தில் கரைந்து ஈரலைக் கெடுத்துச் சாகடிக்கும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, உலர்ந்த கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தீனி வரை இறக்கலாம், 239 கிலோவுக்கு 3.6 கிலோ. புல்லில் சர்க்கரை மாலையில் உச்சத்தில் இருக்கும், விடியலில் குறையும். ஆனால் ஜனவரியில் மூணாற்றுப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலைகளில் சர்க்கரை குறையாமல் தங்கிவிடும். அன்று வெயில் ஏறிய பிறகு அவிழுங்கள். குதிரை முன்னங்காலில் பாரம் போடாமல் பின்னால் சாய்ந்து நின்றால், குளம்பு சூடாக இருந்தால், லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவர் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடாவைப் போட்டு எழுதி வையுங்கள். சுற்றுலா வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையில் இருக்கும் சுட்ட சோளத்தையும் பிஸ்கட்டையும் குதிரைக்காரரைக் கேட்காமல் குதிரைக்கு நீட்டாதீர்கள்.