ஊர்ப்பெயர் அடைமொழி

ஊர்ப்பெயர் அடைமொழி என்பது ஒருவரின் அல்லது ஒரு பொருளின் பெயருக்கு முன் ஊரின் பெயரைச் சேர்த்து வழங்கும் வழக்கம் ஆகும். தமிழகத்தில் இவ்வழக்கம் இசைக் கலைஞர்களிடமும் உணவுப் பண்டங்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. சில ஊர்ப்பெயர்கள் இவ்விரண்டிற்கும் பொதுவாக அமைந்துள்ளன. திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கல்லிடைக்குறிச்சி, மேற்கு இந்தியாவின் பம்பாய் (இன்றைய மும்பை) ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள்.

தாமிரபரணிக் கரையில்

திருநெல்வேலியிலிருந்து மணிமுத்தாறு அணைக்குச் செல்லும் வழியில் பத்தமடை, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ஆகிய ஊர்கள் உள்ளன. இவற்றுள் பத்தமடை கோரைப்பாய்க்கும், கல்லிடைக்குறிச்சி அப்பளத்திற்கும் பெயர் பெற்றவை. காருக்குறிச்சியின் பெயரை நாடறியச் செய்தது ஒரு நாதசுவரம்.

காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் மாணவர். 1962 இல் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலுடன் இவரது நாதசுவரம் இணைந்து ஒலித்த பாடல் பெரும் புகழ் பெற்றது. பின்னாளில் அவர் கோவில்பட்டியில் வாழ்ந்தபோதும் அவரது பெயருக்கு முன் காருக்குறிச்சியே நிலைத்து நின்றது. இதே பகுதியின் அரிகேசநல்லூரைத் தம் பெயரில் தாங்கிய முத்தையா பாகவதரும் (1877–1945) மைசூர், திருவிதாங்கூர் அரண்மனைகளில் சிறப்புப் பெற்றவர். ஆயினும் அவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் என்றே அறியப்படுகிறார்.

கல்லிடைக்குறிச்சி என்னும் அடைமொழியைக் கொண்ட இசைவாணர்களுள் வேதாந்த பாகவதர், அ. சுந்தரம் ஐயர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பேணிப் பரப்பியவர்கள். தீட்சிதர் 1835 இல் காலமான எட்டயபுரமும் தென்பாண்டி நாட்டைச் சேர்ந்ததே. சுந்தரம் ஐயர் தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக் குறிப்புடன் பல பகுதிகளாகப் பதிப்பித்தார்.

இதே ஊரின் பெயரைத் தாங்கும் மற்றொன்று கல்லிடைக்குறிச்சி அப்பளம். உளுந்து மாவுடன் உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இடித்து, சிறு உருண்டைகளாக்கி, மெல்லிய வட்டங்களாக இட்டு உலர்த்துவர். வீடுகளில் பெண்கள் அப்பளம் இடுவது இவ்வூரின் நெடுநாளையத் தொழில். எனவே கல்லிடைக்குறிச்சி என்ற சொல் இசை கற்போருக்குத் தீட்சிதர் கீர்த்தனைகளையும், ஏனையோருக்கு அப்பளத்தையும் நினைவூட்டுகிறது.

பாம்பே

பாம்பே சகோதரிகள் எனப்படும் சி. சரோஜா, சி. லலிதா ஆகியோர் பம்பாயில் வளர்ந்து, பின்னர் சென்னையில் முசிறி சுப்பிரமணிய ஐயரிடம் இசை பயின்றவர்கள். 2020 இல் இருவருக்கும் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. லலிதா 2023 இல் காலமானார். பாம்பே ஜெயஸ்ரீ கல்கத்தாவில் பிறந்தவர். எனினும் வளர்ந்த ஊரின் பெயரே அவருக்கு அடைமொழி ஆயிற்று.

பாம்பே சாண்ட்விச் என்பது ரொட்டித் துண்டுகளுக்கு இடையே பச்சைச் சட்னி, வெண்ணெய், வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட் ஆகியவற்றை அடுக்கித் தயாரிக்கும் தெருவோர உணவாகும். சாண்ட்விச் என்பதும் முதலில் ஓர் ஊரின் பெயரே. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள சாண்ட்விச் என்னும் ஊரின் பெயர் ஒரு பிரபுக் குடும்பத்தின் பட்டமாயிற்று. 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகுவின் பட்டத்திலிருந்தே இவ்வுணவு பெயர் பெற்றது. ஆகவே பாம்பே சாண்ட்விச் என்னும் பெயரில் இரண்டு ஊர்கள் அடங்கியுள்ளன.

1995 இல் அந்நகரின் பெயர் மும்பை என மாற்றப்பட்டது. ஆயினும் பாடகியரின் அடைமொழியும் சாண்ட்விச்சின் பெயரும் மாறவில்லை. அரசாணை ஊரின் பெயரை மாற்றலாம். மக்கள் வழக்கில் வேரூன்றிய அடைமொழியை மாற்றுவது எளிதன்று.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு

தமிழர் பெயர்களில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் முதலெழுத்தாகச் சுருங்கி நிற்கும். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலுள்ள "எம்" மதுரையைக் குறிப்பதாகும். ஒரே பெயர் கொண்ட பலரைப் பிரித்தறிய ஊர்ப்பெயர் பயன்படுகிறது. கலைஞரின் அடைமொழி அவரது வாழ்வோடு கட்டுண்டது. அவர் எங்குச் சென்று பாடினாலும் உடன் செல்லும். அதனை மற்றொருவர் எடுத்துக்கொண்டால் கேட்போர் உடனே வேறுபாட்டை உணர்வர்.

உணவின் அடைமொழி அத்தகையதன்று. பாம்பே சாண்ட்விச்சைச் சென்னையில் செய்தாலும் அதன் பெயர் மாறுவதில்லை. அங்கு ஊர்ப்பெயர் பிறப்பிடத்தைக் குறிப்பதை விட்டுச் செய்முறையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பாம்பே சாண்ட்விச் விற்கும் கடையைக் குறித்து எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் ஒரு சிற்றூரின் உழைப்பாளிகள் ஈட்டிய பெயரை வேற்றூர்ச் சரக்கின் உறையில் அச்சிட்டால், அவர்களது பிழைப்பு பாதிக்கப்படும்.

இதனைத் தடுக்கவே 1999 இல் இந்திய நாடாளுமன்றம் புவிசார் குறியீடுகள் சட்டத்தை இயற்றியது. அது 2003 இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற பெயரைக் குறிப்பிட்ட நிலப்பகுதியில் விளைந்த அல்லது செய்யப்பட்ட பொருளுக்கே பயன்படுத்தலாம். பத்தமடைப் பாய், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா (2019), கோவில்பட்டிக் கடலைமிட்டாய் (2020) ஆகியன இக்குறியீட்டைப் பெற்றுள்ளன. கலைஞரின் பெயரைக் காக்க அவரது இசையே போதுமானது. அப்பளமும் கடலைமிட்டாயும் செய்வோரின் பெயர் உறையில் இடம்பெறுவதில்லை. அவர்களுக்கு உள்ள ஒரே அடையாளம் ஊரின் பெயரே ஆகும்.