ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு: தலைமையும் தன்வரலாற்றுக் குரலும்

முன்னுரை

தம் வரலாற்றைத் தாமே எழுதாத மக்கள், பிறர் எழுதிய ஆவணங்களின் வழியே அறியப்படுகின்றனர். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி அந்நிலைக்கு முழுமையாக ஆளாகாதவாறு காத்தது ஆனந்தரங்கப்பிள்ளையின் (1709–1761) தமிழ் நாட்குறிப்பாகும். தலைமை குறித்து அது உணர்த்துவதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாட்குறிப்பில் தலைமை

1736 செப்டம்பரில் தொடங்கும் இக்குறிப்புகள், 1761 சனவரியில் நகரம் ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில நாள் முன்பு வரை நீள்கின்றன. ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியாக விளங்கிய பிள்ளை அரசியல், வணிகம், குடும்பம் ஆகியவற்றைப் பேச்சுவழக்குக்கு நெருங்கிய தமிழில் பதிவு செய்தார்.

ஆங்கிலேயர் முற்றுகையின்போது, 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியோர் தம்மிடம் வந்து முறையிட்டதைப் பிள்ளை எழுதியுள்ளார், இடிப்போ தடுக்கப்படவில்லை. ஆளுநருக்கு நெருக்கமானவராயினும், ஊர் நம்பி வந்த காரியத்தை அவரால் நிறைவேற்ற இயலவில்லை. வெற்றிகளை மட்டும் அடுக்கும் மெய்க்கீர்த்தி மரபில் இத்தகைய இயலாமைக்கு இடமில்லை, நாட்குறிப்பில் உண்டு.

குரலின் எல்லை

எனினும் இது செல்வ வணிகர் ஒருவரின் பார்வையே. நெசவாளரும், அடிமைகளாக விற்கப்பட்டோரும் இதில் பேசப்படுகின்றனர், தாமே பேசுவதில்லை.

முடிவுரை

தலைவர் ஒருவர் தம் தோல்வியையும் தம் மொழியில் எழுதி வைத்ததால், புதுச்சேரி வரலாறு உள்ளிருந்து பார்க்கும் கண்ணைப் பெற்றது. அக்கண்ணுக்கு எட்டாத மக்களின் குரலை வாய்மொழி வழக்காறுகளிலும் வழக்குப் பதிவுகளிலும் தேடுவது ஆய்வாளர் கடமையாகும்.