ஓடுற பஸ்ஸுக்குச் சில்லு மாத்தலாமோ?

2022 ஜூலை 8. விடிய ஐந்து மணிக்கு முன்னரே ரோஜர்ஸ் வலையமைப்பு விழுந்துவிட்டது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். இன்டராக் நின்றதால் கடைகளில் டெபிட் அட்டை செல்லவில்லை. பலருக்கு 911 கூடக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் த வீக்கெண்ட் இசைநிகழ்ச்சியும் தள்ளிப்போனது.

காரணம் பெரிய சதி ஒன்றுமில்லை. ஏழு கட்ட மேம்படுத்தலின் ஆறாவது கட்டத்தில், இயங்கிக்கொண்டிருந்த ரவுட்டரிலிருந்து ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். வழித்தகவல் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரவுட்டர்கள் விழுந்தன. திருத்தப் போனவர்களுக்கும் அதே வலையமைப்புத்தான் பாதை! முந்தைய கட்டங்கள் நல்லபடி முடிந்ததால், இந்த வேலையின் ஆபத்து 'அதிகம்' என்பதிலிருந்து 'குறைவு' என்று இறக்கப்பட்டிருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு சொன்னது.

ரவுட்டர்காரரின் கதைதானே என்று விடமுடியாது. எங்கட பிள்ளையள் பலர் ஜாவாவில் வேலை செய்கிறார்கள். அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் அப்பாச்சி கேமலை எடுங்கள். அதில் ஒவ்வொரு கூறும் ஒரு பெயரில் பதியப்பட்டிருக்கும். ஓடும்போதே அந்தப் பெயரில் புதிய கூறை வைத்துவிட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் ஏற்கெனவே ஓடும் ரூட், தான் பிடித்த பழைய கூறை விடாது. பட்டியலில் புதியது, வேலையில் பழையது. நிரலிலும் மாற்றாமல் விட்டால், சேர்வரை மீள இயக்கியதும் பட்டியலிலும் பழையதே வந்து நிற்கும்.

சரியான முறை நீளமானது. ரூட்டை நிறுத்தவேண்டும். கையிலுள்ள செய்திகள் முடியும்வரை, கெடு வைத்துக் காத்திருக்கவேண்டும். ரூட்டையும் அதன் எண்ட்பொயின்ற்றையும் பழைய கூறையும் நீக்கி, புதியதைச் சேர்த்து, ரூட்டைத் திரும்பக் கட்டி இயக்கவேண்டும். பழைய நிலைக்குத் திரும்பும் வழி, மாற்றப்படும் அமைப்புக்கு வெளியே இருக்கவேண்டும்.

"நிப்பாட்டாமல் செய்யேலாதோ?" என்று மேலாளர்கள் கேட்பது வழக்கம். சிலவேளை ஏலும். ஏலாத இடத்தில் "ஏலாது" என்று சொல்லும் பொறியியலாளரைச் சோம்பேறி என்று பார்க்கவேண்டாம். போன ஐந்து தடவையும் பிழைக்கவில்லை என்பது ஆறாவது தடவைக்கு உத்தரவாதமில்லை. முன்கூட்டிச் சொல்லி நிறுத்தும் பத்து நிமிடத்தைச் சனம் பொறுக்கும். 911 எடுக்காத ஒரு நாளை எப்படிப் பொறுக்கிறது?