வரியை எழுதியவர் பெயர் ஏன் மறைகிறது?

பழைய நிரல் தொகுப்பு முழுவதையும் பிரிட்டியர் போன்ற கருவியால் ஒரே மூச்சில் சீரமைத்தால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று சொல்லும் கிட் பிளேம் கட்டளை, பெரும்பாலான வரிகளுக்குச் சீரமைத்தவர் பெயரையே காட்டும். ஏன்? கிட்டுக்கு நிரலின் பொருள் தெரியாது, எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. வரியின் முன்னால் இரண்டு இடைவெளி கூடினாலும், வழக்கமான அமைப்பில் அது மாறிய வரிதான். யார், எதற்காக எழுதினார் என்ற தடம் பிழை தேடுபவருக்குப் பெருஞ்செல்வம். அது மறைவது உண்மையான இழப்பு.

எப்படிக் காப்பது? சீரமைப்பைத் தனிக் கமிட்டாக வையுங்கள், வேறெந்தத் திருத்தமும் கலக்காமல். அதன் அடையாளக் குறியை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டி முந்தைய ஆளைக் காட்ட முயலும். 2019இல் வந்த கிட் 2.23 தந்த வசதி இது.

பிறகு நிரல் சீராகவே இருக்க, ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹூக் போதும் என்பார்கள். போதாது. அது அவரவர் கணினியில்தான் ஓடும், எளிதில் தவிர்க்கலாம். சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.