பிள்ளை இல்லையென்றால் புருஷனுக்கும் சோதனை வேண்டும்

கல்யாணமாகி இரண்டு வருசம் போனால் போதும், பீலிக்கரையில் பேச்சு கிளம்பிவிடும். "இன்னும் ஒண்ணும் விசேசமில்லையா?" என்று பெண்ணைத்தான் கேட்பார்கள். கோயில், நேர்த்தி, கிளினிக் என்று அலைவதும் அவள்தான். சில வீடுகளில் மகனுக்கு இரண்டாங் கல்யாணப் பேச்சே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் உண்டு.

அதில் சில, பிறவியிலேயே வருபவை. நம் உடம்பின் உயிரணுக்களில் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. ஆணுக்கு அவற்றில் எக்ஸ் ஒன்று, வை ஒன்று. சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு எக்ஸ் ஒன்று கூடி 47 ஆகிவிடுகிறது. 1942இல் இதை விவரித்த டொக்டரின் பெயரால் கிளைன்பெல்டர் நிலை என்பார்கள். கூடுதல் எக்ஸ்தான் காரணமென்று 1959இல் தெரிந்தது. ஆள் உயரமாக இருப்பார், மலையில் எல்லா வேலையும் செய்வார். விதைகள் மட்டும் சிறியவை. விந்தணு மிகக் குறைவு, அல்லது அறவே இருக்காது. பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு சோதித்தால்தான் இது தெரியவருகிறது.

வேறு சிலருக்கு வை நிறமூர்த்தத்தில் சிறு துண்டொன்று இல்லாதிருக்கும். இன்னும் சிலருக்கு விந்தணு உண்டாகும், அதைக் கொண்டுவரும் குழாய்தான் பிறவியிலேயே இல்லை. ஊற்றில் தண்ணீர் இருந்தும் லயத்துக்குக் குழாய் இழுக்காத மாதிரி.

"நான் ஆம்பிளைதானே, எனக்கென்ன சோதனை?" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாம்பத்தியத்தில் குறையில்லாதவருக்கும் விந்தணு இல்லாமலிருக்கலாம். இது யார் செய்த பாவமுமில்லை, செய்வினையுமில்லை.

முதலில் விந்துச் சோதனை. 2 முதல் 7 நாள் தாம்பத்தியம் இல்லாமலிருந்து கொடுக்க வேண்டும். குறையிருந்தால் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். மிகவும் குறைவென்றால் இரத்தத்தில் நிறமூர்த்தச் சோதனை. இதற்கிடையில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டொஸ்டெரோன் ஊசி மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். அது இருக்கிற விந்தணுவையும் நிறுத்திவிடும்.

கிளைன்பெல்டர் நிலையிலும் சிலருக்கு விதையிலிருந்து சத்திரசிகிச்சை மூலம் விந்தணு எடுத்து, ஆய்வுகூடத்தில் கருவுண்டாக்க முடிகிறது. செலவு அதிகம், எல்லாருக்கும் கைகூடுவதுமில்லை. வை துண்டு இல்லாதவருக்கு இப்படி மகன் பிறந்தால் அவனுக்கும் அதே குறை போகும். இதை டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஒரு வருசமாகியும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போவதென்று அவர் சொல்வார். முதல் நாளே இரண்டு பேருமாகப் போங்கள்.