தேகத்தின் காவற்படையும் மருந்தின் விலையும்

மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள் நடத்திய ஒரு பரீட்சையின் விவரம் 2023-ம் வருஷத்தில், அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கத்தார் நடத்தும் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. வாயிலும் தொண்டையிலும் புற்று முற்றிக் குணமாகும் நிலையைக் கடந்துவிட்ட 151 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாத்திரம், மேனாட்டார் வழங்கும் அளவிற் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக ஒரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அதன் முடிவைப் பின்னர்க் கூறுவோம். அம்மருந்து புற்றைக் கொல்லும் விஷம் அன்று. நோயாளியின் தேகத்தில் ஏற்கெனவே உள்ள காவற்படையின் கட்டை அவிழ்த்து விடுவதே அதன் தொழில். இதனை விளங்கிக் கொண்டாலன்றி மும்பைப் பரீட்சையின் பெருமையும் விளங்காது. அதனால் ஏழை மக்களுக்கு உண்டாகக்கூடிய நன்மையும் விளங்காது.

இரத்தத்தில் சிவப்பணுக்களோடு வெள்ளணுக்களும் உண்டென்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த விஷயம். வெள்ளணுக்களில் பல வகுப்புகள் உள. அவற்றுள் டி அணுக்கள் எனப்படுபவை எலும்பின் மஜ்ஜையிலே பிறந்து, நெஞ்செலும்பின் பின்னேயுள்ள தைமஸ் என்னும் சிறு சுரப்பிக்குச் சென்று பயிற்சி பெறுகின்றன. அச்சுரப்பியால் யாதொரு பயனும் இல்லை என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1961-ம் வருஷத்தில் ஜாக் மில்லர் என்பவர் லண்டனிலே சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனைகளால் அந்த எண்ணம் ஒழிந்தது. சொந்தத் தேகத்தையே தாக்கக்கூடிய அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேறியவையே வெளியே அனுப்பப்படுகின்றன. அவை உடல் முழுவதும் சுற்றி, ஒவ்வொரு ஜீவ அணுவின் மேற்பரப்பையும் தொட்டுப் பார்க்கின்றன. எந்த அணுவும் தன்னுள்ளே உண்டாகும் புரதங்களின் துணுக்குகளை வெளியே காட்டிக்கொண்டிருப்பது இயல்பு. அத்துணுக்குகளில் அந்நியமானது ஏதேனும் தென்பட்டால் டி அணு அதனைத் துளைத்துக் கொன்றுவிடும்.

வெளியிலிருந்து வரும் கிருமியை இங்ஙனம் கண்டுகொள்வது எளிது. புற்றோ வெளியார் அன்று. நமது சொந்த அணுவே நெறி தவறிப் பெருகுவது. ஆயினும் நெறி தவறும்போது அதன் புரதங்களும் மாறுபடுகின்றபடியால், டி அணுவின் கண்ணுக்குப் படும் அடையாளங்கள் பல தோன்றவே செய்கின்றன. அங்ஙனமாயின் காவற்படை ஏன் வாளாவிருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காண நூறு வருஷங்கள் பிடித்தன.

தொடக்கம் நியூயார்க்கில். வில்லியம் கோலி என்ற இளம் சஸ்திர வைத்தியர், எலும்பில் புற்று உண்டான ஒரு யுவதியைக் காப்பாற்ற இயலாது மனம் நொந்து, ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளைப் புரட்டினார். கழுத்திலே கட்டி வளர்ந்து, பன்முறை அறுத்தும் பயனின்றி, கைவிடப்பட்ட ஒருவருக்கு அக்கி போன்ற தோல் ஜுரம் கண்டதென்றும், ஜுரம் நீங்கியபோது கட்டியும் மறைந்ததென்றும் ஒரு குறிப்பு அகப்பட்டது. கோலி அம்மனிதரை நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தேடியலைந்து, ஏழு வருஷங்களுக்குப் பின்னும் அவர் சுகமாயிருப்பதைக் கண்ணாரக் கண்டார். 1891-ல் தாமே ஒரு நோயாளிக்கு அந்தக் கிருமியை ஊசி வழியாகச் செலுத்தினார். சிலர் பிழைத்தனர், சிலர் ஜுரத்தாலேயே மாண்டனர். பின்னர்ச் செத்த கிருமிகளின் சாரத்தை உபயோகித்தார். எவ்விதம் குணமாகிறதென்று அவரால் விளக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே விதமாகப் பலிக்கவும் இல்லை. அதற்குள் எக்ஸ்ரே கதிர் வந்து அவர் முறையை மூலையிலே தள்ளிற்று. 1936-ல் அவர் இறந்தபோது சகாக்களில் அநேகர் அவரை நம்பியவர் அல்லர். அவர் கண்டது மெய். காரணம் அறியும் கருவிதான் அக்காலத்தில் இல்லை.

காரணம் புலப்பட்டது டி அணுவின் மேற்பரப்பில். அங்கே குதிரையைத் தட்டி எழுப்பும் தார்க்குச்சி போன்ற உறுப்புகளும் உண்டு. இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் போன்றவையும் உண்டு. அக்கடிவாளங்களில் ஒன்றை ஆராய்ந்தவர் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் பிறந்த ஜேம்ஸ் அல்லிஸன். சிறு பிராயத்திலேயே தாயைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர். ஏனையோர் அந்தக் கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்து, தேகம் தன்னையே தாக்கும் நோய்களைத் தணிக்கலாமா என்று யோசித்திருக்கையில், இவர் அதனைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்டார். கடிவாளத்தை மறைக்கும் ஒரு எதிர்ப்புப் பொருளைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் கட்டிகள் கரைந்தன. இது பிரசுரமானது 1996-ல். மருந்துக் கம்பெனிகள் பலகாலம் முகங்கொடுக்கவில்லை. தோலில் உண்டாகும் மெலனோமா என்னும் கொடிய புற்றுக்கு அம்மருந்தை அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது 2011-லேதான்.

ஜப்பானில், கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த தஸுகு ஹோஞ்ஜோவின் ஆராய்ச்சிசாலையார் 1992-லேயே பி.டி.-1 என்னும் வேறொரு கடிவாளத்தைக் கண்டிருந்தனர். இதன் விசேஷம் யாதெனின், பல புற்றணுக்கள் தாமே கை நீட்டி இக்கடிவாளத்தைப் பற்றிக்கொள்கின்றன. கொல்ல வந்த வீரனின் குதிரையைக் கள்வனே பிடித்து நிறுத்துவதற்கு ஒப்பாகும் இது. அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துகளுள் ஒன்று நிவோலுமாப். 2014-ல் ஜப்பானில் முதலில் அங்கீகாரம் பெற்றது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தை, 2015-ல் மூளை வரை மெலனோமா பரவிய அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மற்றச் சிகிச்சைகளோடு பெற்றார். அவர் 100 வயது நிரம்பிய பின்னரே 2024 டிசம்பரில் காலமானார். அல்லிஸனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கடிவாளம் வீணாகப் படைக்கப்பட்டதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அதைத் தளர்த்தினால் சேனை சில சமயம் சொந்த ஊரையே கொளுத்துகிறது. குடல், நுரையீரல், தைராய்டு முதலியவை வீங்கி வெந்து போகின்றன. சேனையை அடக்குவதற்கென்றே தனி வகுப்பு அணுக்கள் இருப்பதை 1995-ல் காட்டிய ஷிமோன் ஸககுச்சி முதலிய மூவர் 2025-ம் வருஷத்து நோபல் பரிசைப் பெற்றனர். புற்றுக் கட்டிகள் அவ்வடக்கும் அணுக்களைத் தம்மைச் சுற்றித் திரட்டிக் கொள்கின்றன என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. மேலும், இவ்வித மருந்துகள் எல்லாருக்கும் பலிப்பதில்லை. பல வகைப் புற்றுகளில் பலன் பெறுவோர் சிறு பான்மையோரே. புதிய மருந்தென்றால் சர்வரோக நிவாரணி என்று பறையறைவோர் எக்காலத்திலும் உண்டு. நாம் அக்கூட்டத்தில் சேரவில்லை.

நிற்க. கடிவாளத்தைத் தளர்த்துவதே அன்றி, நோயாளியின் டி அணுக்களை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, புற்றணுவின் அடையாளத்தை அறியும் புதிய உறுப்பொன்றை அவற்றில் பொருத்தித் திரும்பச் செலுத்தும் முறையும் உண்டு. அவ்வுறுப்பின் செய்தியை அணுவுக்குள் கொண்டு சேர்க்கும் வாகனம், எய்ட்ஸ் நோயின் வைரஸைப் பல் பிடுங்கி உருமாற்றியது என்பது வேடிக்கை. 2012-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், இரத்தப் புற்றால் சாகுந்தறுவாயில் இருந்த ஒரு சிறுமிக்கு இதைச் செய்தனர். அணுக்கள் போர் புரிந்த வேகத்தில் குழந்தைக்கு உயிர் போகும் ஜுரம் கண்டது. கார்ல் ஜூன் என்ற வைத்தியரின் சொந்த மகளுக்கு மூட்டுவாதம் இருந்தபடியால், அந்நோய்க்குரிய ஒரு மருந்து அவர் நினைவுக்கு வந்தது. அதைக் கொடுக்க ஜுரம் தணிந்தது, குழந்தையும் பிழைத்தது. 2017-ல் இம்முறை அங்கீகாரம் பெற்று விலைக்கு வந்தபோது, ஒருவருக்கு ஒரு முறை செய்ய விதிக்கப்பட்ட விலை 4,75,000 டாலர்!

அணுவோ நோயாளியினுடையது, அதற்கு அந்நியர் விதிக்கும் விலை இது. இந்தியாவில் இதனைச் சுதேசியாகச் செய்ய முயன்றவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ராகுல் புர்வாரும், டாடா நினைவு ஆஸ்பத்திரி வைத்தியர்களும் ஆவர். அவ்வாஸ்பத்திரி 1941-ல் திறக்கப்பட்டது. ஸர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் இரத்தப் புற்றால் இறந்ததே அதற்கு வித்து. எண்பது வருஷங்களுக்குப் பின், 2021-ல், அதே ஸ்தாபனத்தில் அதே இனத்து நோய்க்கு உள்நாட்டில் தயாரித்த அணுக்கள் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டன. 2023 அக்டோபரில் அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ந் தேதி ராஷ்டிரபதி திரௌபதி முர்மு அதனை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். 64 நோயாளரை உட்படுத்திய பரீட்சையில், பலனைக் கணிக்கக் கூடியவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் தணிந்தது. விலை அமெரிக்காவில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மெச்ச வேண்டிய காரியமே. ஆனால் பத்தில் ஒரு பங்கென்பது 40 லட்ச ரூபாய்ச் சுமாராகும். எந்தக் கிராமத்துக் குடியானவன் அதனைக் கொடுப்பான்?

இங்குதான் முதலிற் சொன்ன பரீட்சை முக்கியமாகிறது. நம் நாட்டு ஆண் மக்களைப் பெருவாரியாகப் பிடிக்கும் புற்று வாய்ப்புற்று. புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணங்கள். நிவோலுமாப் வழக்கமான அளவில் இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம் கொடுக்கப்படுவது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கு மேல் அதனை வாங்க இயலாதென்று மும்பை வைத்தியர்களே எழுதியுள்ளனர். அவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம். ஆறு வாரக் கணக்கில் பார்த்தால் 720-க்கு எதிராக 40. பதினெட்டில் ஒரு பங்கு. வாயால் உட்கொள்ளும் மலிவான மருந்துகள் இரு பிரிவினருக்கும் உண்டு. ஒரு வருஷம் கழித்து, நிவோலுமாப் பெறாத பிரிவில் உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 16 பேர். பெற்ற பிரிவில் நூற்றுக்கு 43 பேர். கடுமையான உபாதைகள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

இத்துணைச் சிறிய அளவு எங்ஙனம் வேலை செய்யும் என்று கேட்கலாம். புற்றணுவை நேரே கொல்லும் விஷத்துக்கு அளவு கூடக் கூட வலிமை கூடும். கடிவாளத்தை மறைக்கும் மருந்துக்கு அவ்வாறன்று. சிறு அளவிலேயே டி அணுக்களின் மேலுள்ள கடிவாளங்களில் பெரும்பாலானவை மறைக்கப்பட்டு விடுகின்றன. அதற்குமேல் ஊற்றுவது நிறைந்த குடத்தில் ஊற்றிய நீரே. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது: இச்சிறு அளவு, மருந்தே இல்லாமையோடு ஒப்பிடப்பட்டதேயன்றி, முழு அளவோடு ஒப்பிடப்படவில்லை. முழு அளவுக்கு இது சமம் என்று எவரும் இன்னும் நிரூபிக்கவில்லை. அதை நிரூபிக்க வேண்டிய பரீட்சைக்குப் பணம் கொடுப்பதில், மருந்தை விற்பவருக்கு ஆதாயம் ஏது? பொதுப்பணத்தைக் கொண்டு அரசாங்கமும் தர்ம ஸ்தாபனங்களுமே அதைச் செய்ய வேண்டும். கொடுப்பதற்கு முழு அளவுதான் உண்டென்றால் நூற்றுக்கு 97 பேருக்கு அது இல்லையென்றே பொருள். வைத்தியர் அவர்கள் முன்னே என்ன செய்வார்?

இதில் கையால் செய்யவேண்டிய ஒரு சிறு காரியமும் உண்டு. நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியாகவும் 100 மில்லிகிராம் குப்பியாகவும் வருகிறது. திறந்த குப்பியை நெடுநேரம் வைத்திருக்கலாகாது. ஆகையால் 20 மில்லிகிராம் பெறுபவர் ஒருவரே வந்தால் மீதி குப்பைக்குப் போம். விலையோ முழுக் குப்பிக்கு. ஐந்து நோயாளரை ஒரே நாளில் ஒரே வேளையில் வரச் சொல்லி, ஒரு 100 மில்லிகிராம் குப்பியைச் சுத்தமான முறையில் ஐவருக்கும் பங்கிட்டால், ஒவ்வொருவர் செலவும் ஐந்தில் ஒன்றாகும். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இதற்கு வேண்டியது ஒரு நாட்குறிப்பும், ஒரு சுத்தமான அறையும், பழகிய மருந்தாளர் ஒருவருமே.